மாயா ஒட்டவைத்த சாயம்

மாயாவுக்குச் சந்தோஷம் வந்தால் மெதுவாக நடக்கத் தெரியாது. லேபில் யாரும் ஓடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியதே அவள்தான். ஒட்டிய அன்றைக்கே ஓடினாள்.

என் பெயர் மரியம். விம்கோ நகரில் ஐஸ் கம்பெனிக்குப் பின்பக்கம் இருந்த அந்தச் சின்ன லேபில் போன் எடுப்பது, பார்சல் கட்டுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, எல்லார் மேலும் கோபப்படுவது ஆகியவை என் வேலை. கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மாயாவைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

வாசலில் 'லேப்' என்று போர்டு இருந்ததால் காலையில் மூத்திர பாட்டிலோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். "இங்க அந்த டெஸ்ட்லாம் எடுக்கறதில்லபா" என்றால், "அப்ப இன்னாதான் பண்றீங்க உள்ள?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கே ரொம்ப நாள் பதில் தெரியாது. ஒருநாள் மாயாவை உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன்.

"உயிரோட எழுத்து மொத்தமே நாலுதான்கா. ஏ, டி, ஜி, சி. அந்த நாலும் நாலு பாட்டில்ல கீது. ஆராய்ச்சி பண்றவங்க எந்த வரிசைல வேணும்னு சொல்றாங்களோ, அந்த வரிசைல மெஷின் ஒண்ணு ஒண்ணா கோத்துக் குடுக்கும். டி.என்.ஏ இழை. நம்ம செய்றது அதான்."

"பூ கட்ற மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா கட்ன பூவு கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் ஓடினாள்.

அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் அந்தப் பெருமையில் பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். பெருமை பெரியதுதான், கிடைத்த வேலைதான் சின்னது. களிம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில், தினமும் அதே களிம்பை எடுத்து, அதே சோதனையைச் செய்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். களிம்பும் ஒருநாள்கூட தப்பாக வரவில்லை. "அது ஒருவாட்டியாவது கெட்டுப்போவாதான்னு ஏங்குவேன்கா. என் கையெழுத்த வாங்கினாங்க, என்கிட்ட வேலய வாங்கல" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

எங்கள் முதலாளி ஜோபின். மார்த்தாண்டத்துக் குடும்பம். அவருடைய அப்பா தாசையன் ராயபுரத்தில் பெயின்ட் மொத்த வியாபாரம் செய்தார். மகன் வெளிநாட்டில் போய் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் திரும்பும்போது பழைய டி.என்.ஏ மெஷின் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அப்பாவுக்கு விம்கோ நகரில் ஒரு குடோன் காலியாகக் கிடந்தது. திட்டிக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

வேலைக்கு ஆள் எடுத்த அன்று வந்தவர்கள் எல்லாரும் சம்பளம், லீவு, பஸ் என்று கேட்டார்கள். மாயா மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் தொடலாமா சார்?" என்றாள். "உடைக்காம இருந்தா தொடலாம்" என்றார் ஜோபின் சார். அன்றைக்கே அந்த மெஷின் அவளுடையது ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கக்கூட மற்றவர்களை விடமாட்டாள். நான் போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலும், "யக்கா, கோத்துகினு கீது, மெல்ல" என்பாள். மெஷினுக்குக் காது கேட்குமா என்று கேட்டால் முறைப்பாள்.

அந்த வேலைக்கு எங்கள் ஊர்க் காற்று முதல் எதிரி. ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனாலும் எழுத்து சேராது, எங்களுக்கோ கூப்பிடு தூரத்தில் கடல். மழைநாளில் கதவைத் திறந்து வைத்தவன் செத்தான். மாயா எல்லா பாட்டில்களையும் பிறந்த குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்தாள். ஈரத்தை ஜெயித்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே தெனாவட்டு. காற்றில் வேறு என்ன இருக்கிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

யோசிக்காததற்குக் காரணம் எங்கள் மூக்கின் மேல் இருந்த நம்பிக்கை. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு மூக்கைப் பற்றிப் பெரிய கர்வம் உண்டு. கண்ணைக் கட்டி ஆட்டோவில் உட்காரவைத்தாலும், இப்போது எந்த கம்பெனி வாசலைத் தாண்டுகிறோம் என்று சொல்லிவிடுவோம். லேபிலும் அதையேதான் செய்தோம். மெஷின் கோர்த்து முடித்த இழையை அம்மோனியாத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறக்க வேண்டும். பிறகு அந்த அம்மோனியாவை உறிஞ்சிக் காயவைக்க வேண்டும். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ட்யூபைத் திறந்து, கையால் மெல்ல விசிறி, மோந்து பார்ப்பது. நெடி இல்லை என்றால் முடிந்தது. மாயா மோந்து தலையாட்டினால் நான் பார்சல் கட்ட உட்காருவேன். அனுப்பிய ஒரு இழைகூட திரும்பி வந்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வந்தது வினை. வெறும் இழையை எங்களைவிட வேகமாகச் செய்துகொடுக்கப் பெரிய கம்பெனிகள் வெளியூர்களில் முளைத்துவிட்டன. என் போன் ஓய்ந்துபோனது. தாசையன் பெரியவர் ஒருநாள் வந்து, நடுவில் நின்று, நாலு சுவரையும் பார்த்தார்.

"எல ஜோபினே, தீபாவளிச் சரக்கு வரப்போவுது. எனக்கு இடம் இல்ல. அதுக்குள்ள புதுசா ஒரு சோலி ஓடுச்சின்னா சரி. இல்லேன்னா மெஷின வித்துப்போட்டு கடைக்கு வா."

மாயா கையில் ட்யூபோடு அப்படியே நின்றாள். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "திரும்ப அந்தக் களிம்புக்குப் போவ மாட்டேன்க்கா. செத்தாலும் போவ மாட்டேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் பெரியவர் குடித்த டீ க்ளாஸைக் கழுவாமலே வைத்தேன்.

அந்தப் புது சோலி என்ன என்பது ஜோபின் சாருக்குத் தெரிந்தே இருந்தது. மதுரையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் சவரிநாதன் என்று ஒருவர், சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று சீக்கிரமாகக் கண்டுபிடிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். கிருமியைத் தேடிப்போய் ஒட்டிக் காட்டிக்கொடுக்க அவருக்குச் சாயம் பூட்டிய இழை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வந்து சேர்வதற்குள் அவருக்கே பொறுமை போய்விடுகிறது. நம் ஊரில் செய்து தந்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

சாயத்தைப் பூட்ட அப்போது புதிதாக ஒரு முறை பேசப்பட்டது. க்ளிக் கெமிஸ்ட்ரி என்று பெயர். மாயா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இழையின் நுனியில் அமீன் என்று ஒரு சின்னக் கையை மெஷினிலேயே வைத்துவிடலாம். அந்தக் கையில் அசைடு என்கிற கொக்கியை ஒட்ட வேண்டும். சாயத்தில் அல்கைன் என்கிற வளையம் ஏற்கெனவே இருக்கும். இரண்டையும் ஒரே ட்யூபில் விட்டு, துளி செம்பு உப்பும் துளி வைட்டமின் சி-யும் சேர்த்தால் கொக்கியும் வளையமும் தாமாகவே தேடிப்போய் மாட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டில் பிரஸ் பட்டன் மாட்டுவது மாதிரிதான். மாட்டிய பிறகு பிரிக்க முடியாது.

"க்ளிக்னு சத்தம் கேக்குமா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கேக்கும்க்கா!" என்றாள். அந்த வாரம் அவள் ஓடாத நேரமே கிடையாது.

ஒட்டியதா இல்லையா என்று பார்ப்பது சுலபம். கடைசியில் உப்புத் தண்ணீரும் சில்லிட்ட ஆல்கஹாலும் விட்டால் இழை திரண்டு அடியில் படியும். வெறும் இழை என்றால் வெள்ளை. சாயம் மாட்டியிருந்தால் ரோஸ். மாட்டாத சாயம் மேலே ஆல்கஹாலோடு போய்விடும். ஆல்கஹாலைச் சில்லிட வைக்க ஐஸ் வேண்டும். ஐஸ் கம்பெனி கலீலுல்லா பாய் தினமும் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பார். மீன்காரர்களுக்கு அடுத்தபடியாக நாங்கள்தான் அவருக்கு வாடிக்கை.

முதல் தடவை வெள்ளையாக வந்தது. இரண்டாவது தடவையும் வெள்ளை. பிறகு எத்தனை தடவை செய்தார்களோ, அத்தனை தடவையும் வெள்ளை. பச்சரிசி மாவு மாதிரி அடியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

எல்லாப் பழியும் செம்பு மேல் விழுந்தது. புதிதாக வந்த மருமகள் மேல்தானே வீட்டில் எந்தப் பழியும் விழும்? செம்பு பொல்லாததுதான், காற்றோடு கூட்டு சேர்ந்தால் இழையையே அரித்துவிடுமாம். அதை அடக்கிவைக்க ஒரு மருந்து சேர்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள். செம்பை மாற்றினார்கள். காற்றே படாமல் நைட்ரஜனை ஊதிப் பார்த்தார்கள். ஜோபின் சார் தாடி வளர்த்தார். மாயா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் விஜயதசமி வந்தது. பீம்ராவ் வருஷா வருஷம் அந்த நாளில், லட்சக்கணக்கானவர்கள் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீக்ஷா பூமிக்குப் போய் வருபவர். இந்த முறை மகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். மாயா வரமாட்டேன் என்று சாதித்தாள். அவர் லேபுக்கே வந்துவிட்டார்.

"நைனா, இங்க தலைக்கு மேல வேல கீது. அடுத்த வருசம் வரேன்."

"நீ படிச்சி முடிச்சதும் அந்த மண்ணுல உன்னோட நிக்கணும்னு எனக்கு ஒரு ஆச. வருசா வருசம் அடுத்த வருசம்னே சொல்லிகினு கீற. நான் என்னிக்கும் தெம்பாவே இருப்பனா?" என்றார் பீம்ராவ். சொல்லிவிட்டு இரண்டு டிக்கெட்டையும் அவள் மேசை மேல் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போய்ட்டு வாடி! இங்க இருந்து இன்னா பண்ற? வெள்ளையாத்தான பாத்துகினு கீற. அத்த நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். ஜோபின் சாரும் போகச் சொன்னார். அரைமனதாகப் போனாள்.

அவள் திரும்பி வந்த காலை எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. ரயில் சென்ட்ரலுக்கு வந்ததும் அப்பாவை வீட்டுக்கு ஆட்டோ ஏற்றிவிட்டு, அப்படியே எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து விம்கோ நகர் வந்து இறங்கியிருக்கிறாள். நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஐஸ் கம்பெனி மதிலோரம் பையோடு வந்தவள் சடாரென்று நின்றாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். கண்ணில் தண்ணீர்.

"யக்கா! கேஸ் லீக்காயிருச்சா? உள்ள யார் கீறாங்க? எல்லாரையும் வெளிய வரச் சொல்லு!"

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பதறினேன். சத்தம் கேட்டுக் கலீலுல்லா பாய் ஐஸ் உடைக்கும் கட்டையோடு ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"நாத்தம் தாங்கல பாய். கண்ணு எரியுது!"

"எந்த நாத்தம்?"

"இதோ அடிக்குதே, அம்மோனியா!"

பாய் காற்றை இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, வந்ததும் வராததுமா என் கம்பெனிய நாத்தம்ன்ற! ஐஸ் குழாய்ல ஓட்றதே அம்மோனியாதான். எங்கனா லைட்டா கசியும். அது எப்பவும் கீறதுதான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உனக்கு நாறலியா?"

மாயா துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்தாள். வாயைத் திறந்தபடி பாயையே பார்த்தாள். பை அவள் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "நாறலியே பாய்" என்றாள். அவ்வளவுதான், ஓட்டம் பிடித்தாள்.

உள்ளே ஜோபின் சார் இன்னொரு முறை முயற்சி செய்யத் தயாராகிக்கொண்டிருந்தார். காய்ந்த இழையின் மேல், கொக்கியை ஒட்டுவதற்கான காரக் கரைசலை அப்போதுதான் ஊற்றியிருந்தார். மாயா அந்த ட்யூபைப் பிடுங்கினாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் தலையைப் பின்னுக்கு வெட்டினாள்.

"சார், மோந்து பாருங்க!"

"ஒண்ணும் இல்லையே மாயா."

"யக்கா, நீ மோந்து பாரு!"

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் மூக்கே இல்ல! எனக்கும் இல்லாம இருந்துச்சு. வெளியூர் போய் வந்ததால இப்பதான் திரும்ப வந்துருக்குது. மத்தியானத்துக்குள்ள மறுபடி போய்டும். எல்லா ட்யூபையும் எடுங்க சார், சீக்கிரம், சீக்கிரம்!"

ஃப்ரிட்ஜிலிருந்த காய்ந்த இழைகளை எல்லாம் வெளியே எடுத்து அடுக்கினோம். ஜோபின் சார் ஒவ்வொன்றிலும் துளிக் காரக் கரைசல் விட விட, மாயா வரிசையாக மோந்துகொண்டே போனாள். "கீது… கீது… இதுலயும் கீது… அய்யோ, இதுல எம்மாம் கீது!" என்று ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு கத்தல். வியாதி கண்டுபிடித்ததற்கு இப்படி ஒரு கொண்டாட்டத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. ஜோபின் சார் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து ட்யூப் வாய்க்கு மேலே பிடித்தார். தாள் நீலமாக மாறியது. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். செம்பு ஒரு பாவமும் அறியாது. அதற்கு முந்தைய கட்டத்திலேயே காரியம் கெட்டிருந்தது. காய்ந்த இழையோடு கொஞ்சம் அம்மோனியா உப்பாகப் பதுங்கியிருக்கிறது. காரக் கரைசல் பட்டதும் எழுந்து வெளியே வருகிறது. இழையின் நுனியில் நாங்கள் வைத்த அமீனும் இதுவும் ஒரே ஜாடை. கொக்கியைக் கொண்டு வரும் ரசாயனத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, முதலில் கை நீட்டியவனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடும். கல்யாணப் பந்தியில் கூப்பிடாத கூட்டம் முந்தி உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு எங்கே இருக்கும்? கொக்கியே இல்லாத இழையில் சாயம் எதைப் பிடித்துத் தொங்கும்? வெறும் இழை விற்ற காலத்தில் அந்த மிச்ச அம்மோனியா யாரையும் உபத்திரவம் செய்யவில்லை. அதனால், ஐஸ் கம்பெனி அம்மோனியாவைத் தினமும் மோந்து மோந்து எங்கள் மூக்கு செத்துப்போன சேதி எங்களுக்கு எட்டவே இல்லை.

"இப்ப இன்னாடி பண்றது?" என்று கேட்டேன்.

"கடைசில பண்றத மொதல்லயே பண்ணணும்க்கா. உப்புத் தண்ணி, ஆல்கஹால். திரும்பத் திரும்ப. உப்புல கீற சோடியம் உள்ள பூந்து அம்மோனியாவ வெளிய தள்ளிடும். இனிமே மூக்க நம்ப மாட்டேன், லிட்மஸ்தான்."

கலீலுல்லா பாய் ஐஸ் கொண்டுவந்தவர் உப்பையும் ஆல்கஹாலையும் பார்த்துவிட்டு, "கருவாடு போட்றீங்களா, சரக்கு போட்றீங்களா, எதுனா ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார். மாயா இழையைத் திரட்டினாள், கழுவினாள், கரைத்தாள், மறுபடி திரட்டினாள். லிட்மஸ் சிவப்பாகவே நின்ற பிறகுதான் நிறுத்தினாள். அன்று சாயங்காலம் கொக்கி ரசாயனத்தை ஊற்றி, மூடி, ட்யூபைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் செம்பு விட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் லாரி வந்து நின்றது. சரக்கு சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். தாசையன் பெரியவர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். நான் வாசலை மறித்து நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். லோடுமேன்கள் ரெண்டு பெயின்ட் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நடு லேபில் நிறுத்தினார்கள்.

"எல, இன்னும் மெஷின மாத்தலியா?"

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. இப்பதான் வழி தெரிஞ்சிருக்கு."

"நான் பொறுப்பேன். லாரிக்காரன் பொறுப்பானா? நேரத்துக்கு வெளிய போவலேன்னா போலீசு புடிப்பான்."

மாயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய சார், இப்ப கைய வுட்டா எல்லாம் போச்சு. ஒரு மணி நேரம் குடுங்க. அப்பால நானே மெஷினத் தூக்கி உங்க வண்டில வெக்கிறேன்" என்றாள். இரண்டு கையும் ட்யூப் மேல் இருந்தது, அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பெரியவர் அவளுடைய முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு டிரம் மேல் உட்கார்ந்து, "சரி மக்கா" என்றார். வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். நான் போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கூடவே நாலு வார்த்தை திட்டியும் கொடுத்தேன்.

மாயா இரண்டு ட்யூப் வைத்திருந்தாள். ஒன்றில் எல்லாம் இருந்தது. இன்னொன்றில் செம்பு மட்டும் இல்லை. எது சாயத்தைப் பூட்டியது என்று தெரிய வேண்டுமாம். நேரம் ஆனதும் இரண்டிலும் உப்பும் சில்லிட்ட ஆல்கஹாலும் விட்டு, சுற்றும் மெஷினில் வைத்தாள். அது சுற்றி நிற்கும்வரை எல்லாரும் அதன் பக்கத்திலேயே நின்றோம். லோடுமேன்கள்கூட வாசற்படியில் குத்துக்காலிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியைத் திறந்து எடுத்தாள். இரண்டு ட்யூபின் அடியிலும் ரோஸ்.

நான் கத்தியே விட்டேன். மாயா கத்தவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பேசினார். "சாயத் தண்ணில கெடந்தா எந்தத் துணியும் செவக்கும். நான் அம்பது வருசமா சாயம் விக்கேன். கழுவு பாப்போம்."

"கழுவத்தான் போறேன் சார்" என்றாள் அவள்.

ஒருமுறை கழுவினாள். இரண்டிலிருந்தும் ரோஸ் தண்ணீர் வந்தது. ஜோபின் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுபடி கழுவினாள். செம்பு இல்லாத ட்யூபில் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பக்கத்து ட்யூபைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு முறை ஆல்கஹால் விடும் சத்தம், சுற்றும் சத்தம், மூடி திறக்கும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தேன்.

செம்பு இல்லாததில் பழைய வெள்ளை. மற்றதில் கழுவிய தண்ணீர் பளிங்காக இருந்தது, அதன் அடியில் இழை ரோஸாகவே உட்கார்ந்திருந்தது. ஒரு கடுகளவுகூட இருக்காது. ஆனால் அவ்வளவு ரோஸ்!

பெரியவர் டிரம்மிலிருந்து எழுந்து வந்தார். இரண்டு ட்யூபையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மாயா அவர் கையையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"இது பூசின சாயம் இல்ல மக்கா. புடிச்ச சாயம்" என்றார். ட்யூபுகளை அவள் கையில் பத்திரமாக வைத்துவிட்டு, லாரிக்காரனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல, உள்ள இருக்குத ரெண்டு டிரம்மையும் ஏத்து. வண்டியத் திருப்பு. ராயபுரத்துக்கே போவட்டும்."

லாரி பின்பக்கமாக நகர்ந்து தெருமுனை திரும்பும்வரை மாயா அசையவில்லை. திரும்பியதும் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கலீலுல்லா பாய் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, லேப்ப மூடிட்டாங்களா? ஏன் அழுவுறீங்க?" என்று பதறினார்.

மாயா முகத்தைத் துடைக்காமலே ட்யூபைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். "மூடல பாய்! ஒட்டிகிச்சு! நான்தான் செஞ்சேன், என் கையால செஞ்சேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு, அடுத்த இழைக்கு எழுத்தைக் கோர்க்க உள்ளே ஓடினாள்.